ஈரம் கேட்கும் மரம்

(ரொறன்ரோவில் தமிழ்த் தோட்டக்கலை ஆர்வலர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று ஒரே ஒரு மரத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதன் பெயர் மெற்றாசெக்கோயா. சீனாவின் ஹூபெய் மாகாணத்து மரம். அங்கே சுயிஷான் என்பார்கள். இங்கே நேர்சரிகளில் டோன் ரெட்வூட் என்று எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். ஊசியிலை மர இனத்தைச் சேர்ந்தது, கூம்பு காய்ப்பது, ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்பது. நிலத்தில் ஈரம் இருந்தால் ஓர் ஆண்டில் ஒரு மீற்றர் உயரும். ஈரம் இல்லாவிட்டால் ஆடி மாதத்திலேயே இலை கருகிச் சுருங்கிவிடும்.

இந்த மரத்தை ஒரு வளவில் நட்டு வளர்ப்பது பெரிய காரியமல்ல. உலகத்தின் எத்தனையோ நகரங்களில் வீதிக்கு வீதி நிற்கிறது. ஆனால் அதன் சொந்தப் பள்ளத்தாக்கில், மனிதர் கை படாமல், தானாக விழுந்த விதையிலிருந்து ஒரு கன்று எழும்புவது இன்று மிக அரிது. வளவில் எளிதாக வளர்வதற்கும் காட்டில் வளர முடியாமல் இருப்பதற்கும் காரணம் ஒன்றுதான். அதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன். ஆனால் முதலில் மரம் கண்டறியப்பட்ட கதையைச் சொல்ல வேண்டும்.

1941ஆம் ஆண்டு. ஜப்பானில் மிக்கி ஷிகேரு என்ற தாவரவியலாளர் களிமண் படிவுகளில் கிடைத்த பழைய இலைகளையும் கூம்புகளையும் ஆராய்ந்துகொண்டிருந்தார். அதுவரை அறிஞர்கள் அவற்றை அமெரிக்காவின் செக்கோயா என்றோ, சதுப்புச் சைப்பிரஸ் என்றோ பெயரிட்டு அலுமாரியில் வைத்திருந்தார்கள். அந்த இரண்டு மரங்களிலும் இலைகள் கொப்பில் மாறி மாறி அமையும். மிக்கியின் கையில் இருந்த படிவத்திலோ இலைகள் எதிரெதிராக, சோடி சோடியாக இருந்தன. கூம்பின் செதில்களும் அப்படியே. இது வேறொரு மரம் என்று அவர் கண்டார். புதிய பேரினமாக அறிவித்து, மெற்றாசெக்கோயா என்று பெயர் வைத்தார். பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோன மரம் என்றே அவரும் நினைத்தார்.

அதே 1941இன் குளிர்காலத்தில், கன் துவோ என்ற சீன வனவியல் பேராசிரியர் மௌதாவோ என்ற மலைக்கிராமத்தின் வழியாகப் போனார். அங்கே பிரமாண்டமான ஒரு மரம் இலையின்றி நின்றது. இலை இல்லாத காலம் என்பதால் அடையாளம் காண முடியவில்லை. 1943 கோடையில் வாங் சான் என்ற வன அலுவலர் வேறொரு காட்டைப் பார்க்கப் புறப்பட்டு, வழியில் வான்சியான் நகரத்தில் காய்ச்சலில் விழுந்தார். அங்கிருந்த விவசாயப் பாடசாலை அதிபர் யாங் லுங்-சிங், மௌதாவோ வழியாகப் போனால் விசித்திரமான ஒரு மரத்தைப் பார்க்கலாம் என்று சொன்னார். வாங் சான் வழியை மாற்றிக்கொண்டு போய், கொப்புகளையும் கூம்புகளையும் எடுத்து வந்தார். தமக்குத் தெரிந்த வேறொரு நீரோர மரமென்று அதற்குப் பெயர் எழுதி வைத்தார்.

அந்த மரத்தின் அடியில் ஒரு சின்னக் கோயில் இருந்தது. நம்மூரில் தலமரத்தை எவரும் தறிக்க மாட்டார்கள் அல்லவா, அதைப்போல ஊர்ச்சனம் அந்த மரத்தைத் தொடாமல் விட்டிருந்தது. கண்டுபிடிப்பு என்று நாம் சொல்லும்போது, அந்த ஊர் மக்கள் ஏற்கெனவே அந்த மரத்தை அறிந்து, பெயரிட்டு, காத்து வைத்திருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. யாங் லுங்-சிங் வாய் திறந்து அந்த வார்த்தையைச் சொல்லியிருக்காவிட்டால், வாங் சான் வந்த வழியே போயிருப்பார். தாவரவியல் வரலாற்றில் அந்த அதிபருக்கு இன்னும் பெரிய இடம் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

வாங் சான் கொண்டுவந்த மாதிரிகள் பிறகு பேராசிரியர் செங் வான்-சுனிடம் போய்ச் சேர்ந்தன. இது புதிய மரம் என்று அவர் உணர்ந்து, 1946இல் சுவே சி-ரு என்ற இளைஞரை மௌதாவோவுக்கு இரண்டு தடவை அனுப்பினார். கரடுமுரடான மலைப்பாதையில் நடந்து போய், பூவும் கூம்புமாக நல்ல மாதிரிகளை அவர் எடுத்து வந்தார். செங் அவற்றைப் பீப்பிங்கில் (இன்றைய பெய்ஜிங்கில்) இருந்த மூத்த தாவரவியலாளர் ஹூ சியன்-சூவுக்கு அனுப்பினார். ஹூ, மிக்கியின் ஆய்வுக் கட்டுரையைப் படித்திருந்தவர். எதிரெதிர் இலையைப் பார்த்தவுடனே இது அந்த மரம்தான் என்று புரிந்துகொண்டார்.

அந்த ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். ஜப்பான் சீனாவின் மீது படையெடுத்து, நகரங்களை எரித்து, கோடிக்கணக்கானோரை இடம்பெயர வைத்த போர் முடிந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. செங் பணியாற்றிய நிறுவனமே போரால் மேற்கே துரத்தப்பட்டது. அப்படியிருந்தும் 1948 மே மாதத்தில் ஹூவும் செங்கும் அந்த மரத்துக்கு முறையான அறிவியல் பெயர் சூட்டியபோது, ஒரு ஜப்பானியர் புதைபடிவத்துக்கு வைத்த பெயரையே உயிருள்ள மரத்துக்கும் வைத்தார்கள். முதலில் அறிந்தவருக்கு உரியதை அவருக்கே கொடுத்தார்கள். அறிவியல் விதி அதுதான். ஆனாலும் அந்தக் காலத்தில் அந்த விதியைக் காப்பதற்கு நெஞ்சில் நேர்மை வேண்டும்.

விதை வந்த கதையும் இதே அளவுக்குப் பெரியது. அமெரிக்காவில் பொஸ்ரன் நகரத்து ஆர்னல்ட் மரத்தோட்டத்தின் எல்மர் மெரில் 250 டொலர் அனுப்பினார். சீனாவில் அது அப்போது ஒரு பயணத்துக்குப் போதுமான பணம். 1947 இலையுதிர் காலத்தில் செங்கின் உதவியாளர் ஹுவா சிங்-ட்சான் புறப்பட்டுப் போய், மௌதாவோவில் மட்டுமன்றித் தெற்கே சியாவோஹே பள்ளத்தாக்கிலும் ஏராளமான மரங்கள் நிற்பதைக் கண்டு, விதை சேகரித்தார். 1948 சனவரியில் விதைகள் பொஸ்ரனுக்கு வந்தன. மெரில் அவற்றைப் பூட்டி வைக்கவில்லை. உலகெங்கும் நூற்றுக்கணக்கான தாவரவியல் பூங்காக்களுக்கும் ஆர்வலர்களுக்கும் சிறு சிறு பொட்டலங்களாக அனுப்பினார். கலிபோர்னியாவின் ரால்ஃப் சேனி என்ற புதைபடிவ அறிஞரும் அதே ஆண்டில் ஒரு பத்திரிகையாளருடன் நேரே போய் மரத்தைப் பார்த்து வந்தார். சில வாரங்களில் அது உலகப் பத்திரிகைச் செய்தியாயிற்று.

இன்று நீங்கள் ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ காணும் முதிர்ந்த மெற்றாசெக்கோயாக்களில் மிகப் பல அந்த 1947ஆம் ஆண்டு விதையிலிருந்து வந்தவை.

கனடாவில் இருக்கும் நமக்கு இந்த மரத்தோடு இன்னொரு உறவு உண்டு. நம் நாட்டின் வடகோடியில், நுனாவுட் பிரதேசத்தில், அக்செல் ஹைபெர்க் என்ற தீவு. வடதுருவத்துக்கு மிக அருகில், ஏறத்தாழ 80 பாகை அகலாங்கில் இருக்கிறது. இன்று அங்கே ஒரு மரமும் இல்லை. தரையோடு படரும் குட்டை வில்லோதான். அந்த மண்ணுக்குள்ளிருந்து 1985இல் மரக் குற்றிகள் வெளிப்பட்டன. சஸ்கச்சுவான் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் பாசிங்கர் உள்ளிட்டோர் அவற்றை ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ நாலரைக் கோடி ஆண்டுகள் பழையவை. கல்லாக மாறவில்லை. மரமாகவே இருக்கின்றன. வாளால் அறுக்கலாம், எரித்தால் எரியும். அவற்றில் பெரும்பங்கு மெற்றாசெக்கோயா. சதுப்பும் ஆறுமாக இருந்த சமவெளிக் காடு அது. வெப்பமான காலம்தான். ஆனாலும் துருவத்தில் மாதக்கணக்காகச் சூரியன் எழாது.

அந்த இருட்டுக்காகத்தான் இந்த மரம் இலையுதிர்க்கப் பழகியது என்று நீண்ட காலம் விளக்கம் சொன்னார்கள். வெளிச்சமில்லாத மாதங்களில் இலையை வைத்திருந்தால் அது மூச்சுவிட்டுச் சேமிப்பைத் தின்றுவிடும், உதிர்ப்பதே இலாபம் என்பது வாதம். 2003இல் வெளியான ஒரு பரிசோதனை இதைக் கேள்விக்குள்ளாக்கியது. துருவ இருட்டை அறைக்குள் உண்டாக்கி மரங்களை வளர்த்துப் பார்த்தபோது, இலையை உதிர்ப்பதால் வரும் இழப்பே, இலையை வைத்திருப்பதால் வரும் இழப்பைவிட அதிகமாக இருந்தது. எனவே உண்மைக் காரணம் வேறாக இருக்க வேண்டும். உங்கள் பிள்ளைகளில் ஒருவர் இதை ஆராய வந்தால் எனக்கு மகிழ்ச்சி.

இனி வளர்ப்புக்கு வருவோம்.

இந்த மரத்துக்கு ஈரம் வேண்டும் என்றேன். எந்த மாதிரியான ஈரம் என்று சரியாகப் புரிந்துகொள்ள அதன் ஊரைப் பார்க்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 800 முதல் 1,500 மீற்றர் வரையான மலைப்பள்ளத்தாக்கு. ஆண்டுக்கு 1,300 மில்லிமீற்றர் அளவில் மழை. ஓடைக்கரை, நீர் கசியும் சரிவின் அடிவாரம், அமிலத் தன்மை சற்றுக் கூடிய ஆழமான மண். நீர் எப்போதும் இருக்கிறது, ஆனால் எப்போதும் நகர்ந்துகொண்டிருக்கிறது. தேங்கிய குட்டை அல்ல. வேரைச் சுற்றி நீரும் இருக்க வேண்டும், காற்றும் இருக்க வேண்டும்.

அதனால்தான் இந்த மரத்தைச் சதுப்புச் சைப்பிரசோடு சேர்த்துப் பேசுவதை நான் விரும்புவதில்லை. இரண்டும் உறவுக்காரர்கள், இரண்டும் இலையுதிர்ப்பவை, தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் அமெரிக்காவின் தென்கிழக்குச் சதுப்புகளில் வளரும் சைப்பிரஸ் மாதக்கணக்காகத் தண்ணீருக்குள் நிற்கும். முழங்கால் போன்ற முண்டுகளை வேரிலிருந்து மேலே எழுப்பும். வட கரோலினாவின் பிளாக் ஆற்றங்கரையில் 2,600 ஆண்டுகளைத் தாண்டிய ஒரு சைப்பிரஸ் நிற்பதாக 2019இல் வளையங்களை எண்ணி உறுதிப்படுத்தினார்கள். அது வேறு வாழ்க்கை. மெற்றாசெக்கோயா வெள்ளம் வந்தால் சில நாள் தாங்கும், தேங்கி நின்றால் வாடும். உங்கள் வளவில் மழை பெய்து ஒரு வாரமாகியும் தண்ணீர் வற்றாத மூலை இருந்தால் அங்கே சைப்பிரசை வையுங்கள். ஈரமாக இருந்தாலும் நீர் இறங்கிப் போகிற இடத்தில் மெற்றாசெக்கோயாவை வையுங்கள். நேர்சரியில் இரண்டும் பெயர் மாறி விற்கப்படுவதும் உண்டு. இலைச் சோடியைப் பார்த்தால் போதும். எதிரெதிரே இருந்தால் இது, மாறி மாறி இருந்தால் அது. மிக்கி பார்த்த அதே அடையாளம்.

நிலத்தைச் சோதிக்க ஒரு வழி. 40 சென்ரிமீற்றர் ஆழத்தில் ஒரு குழி தோண்டி, தண்ணீர் நிரப்புங்கள். அது ஊறிப்போன பிறகு மறுபடி நிரப்புங்கள். மறுநாள் காலைக்குள் அந்த நீரும் போய்விட்டால் நல்லது. அப்படியே நின்றால் இடத்தை மாற்றுங்கள், அல்லது சற்று மேடாக மண் போட்டு நடுங்கள். களிமண் இந்த மரத்துக்குப் பகையல்ல. ஈரத்தைப் பிடித்து வைக்கும் களிமண் நல்லதுதான். மணற்பாங்கான நிலத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். தென் ஒன்ராறியோவின் பல இடங்களில் மண்ணில் சுண்ணாம்பு கூட. அங்கே இலை வெளிறி மஞ்சளாவதைக் காணலாம். இலைமக்கும் பைன் பட்டையும் போட்டு மண்ணை மெல்ல மெல்ல அமிலப் பக்கம் திருப்பலாம். சுண்ணாம்பு மிகக் கூடிய நிலமென்றால் அதோடு போராட வேண்டாம்.

வெயில் முழுவதும் வேண்டும். நிழலில் வைத்தால் கொப்புகள் மெலிந்து ஒரு பக்கம் சாயும். இடம் நிறைய வேண்டும். இது 30 மீற்றரையும் தாண்டக்கூடிய மரம். வீட்டுச் சுவரிலிருந்தும் நிலத்தடிக் குழாய்களிலிருந்தும் குறைந்தது ஏழெட்டு மீற்றர் தள்ளி நடுங்கள். ஈரம் தேடும் வேர், கசியும் குழாயைக் கண்டால் விடாது. மேலே மின்கம்பி போகிற இடமும் வேண்டாம். ஒடுங்கிய வளவு உள்ளவர்கள் தங்க நிற இலை கொண்ட கோல்ட் ரஷ் போன்ற வகைகளை விசாரிக்கலாம், ஆனால் அவையும் மரங்களே, செடிகளல்ல. வளவே இல்லாதவர்களுக்குச் சட்டி இருக்கிறது. பொன்சாய்க்கு இந்த மரம் மிக நன்றாக இணங்கும். சட்டியிலும் அதே விதிதான், கோடையில் ஒரு நாள் தண்ணீர் மறந்தாலும் இலை சொல்லிவிடும்.

நடுவதற்கு நல்ல காலம் வசந்தத்தின் தொடக்கம், மொட்டு விரியும் முன். சட்டியிலிருந்து எடுக்கும்போது வேர் சட்டியைச் சுற்றி வளையமாக ஓடியிருந்தால் அதைக் கையால் பிரித்து விடுங்கள். பிரிக்காமல் நட்டால் பத்தாண்டு கழித்து அந்த வளையமே மரத்தின் கழுத்தை நெரிக்கும். குழி அகலமாக இருக்கட்டும், ஆழமாக வேண்டாம். தண்டு வேராக விரியத் தொடங்கும் இடம் மண் மட்டத்துக்கு மேலே தெரிய வேண்டும். குழிக்குள் பசளை கொட்ட வேண்டாம். எடுத்த மண்ணையே திருப்பிப் போடுங்கள்.

தண்ணீர் விடுவதில்தான் பெரும்பாலான கன்றுகள் பிழைப்பதும் சாவதும். முதல் மூன்று கோடை காலம் முக்கியம். நாள்தோறும் மாலையில் ஹோஸைப் பிடித்துக்கொண்டு மேல்மண்ணை நனைப்பதால் பயன் இல்லை. அது வேரை மேலேயே வைத்திருக்கும். வாரத்துக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் 20 லீற்றர் அளவில், தண்டைச் சுற்றிப் பாத்தி கட்டி மெதுவாக இறங்க விடுங்கள். மழை வந்தால் குறையுங்கள். சந்தேகமிருந்தால் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். விரலளவு ஆழத்தில் மண் குளிர்ந்து ஈரமாக இருந்தால் போதும். மரம் வளர்ந்த பிறகும், மழையில்லாத கோடையில் அதை நம்பி விட்டுவிடக் கூடாது. ஆடியில், ஆவணியில் உள்பக்க இலைகள் செம்பு நிறமாகி உதிரத் தொடங்கினால் அது இலையுதிர் காலம் முந்தி வந்ததல்ல. தண்ணீர் கேட்கிறது.

மூடாக்கு கட்டாயம் போடுங்கள். மரப்பட்டையோ இலைச்சருகோ ஏழெட்டுச் சென்ரிமீற்றர் தடிப்பில், கொப்புகள் பரவும் அளவுக்கு. தண்டோடு ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். புல்தரையை மரத்தடி வரை கொண்டு வராதீர்கள். கன்று வயதில் புல்லோடு போட்டியிட இந்த மரத்தால் முடியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப இதற்கு வருவேன். பசளையைப் பொறுத்தவரை வசந்தத்தில் கொஞ்சம் கொம்போஸ்ட் போதும். கோடை முடிவில் தழைச்சத்துப் பசளை போட்டால் புதுத்துளிர் எழும்பி, அது முற்றுவதற்குள் முதல் உறைபனி கருக்கிவிடும்.

இலையுதிர் காலத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இலைகள் செம்பும் காவியுமாக மாறி, தனித்தனி ஊசியாக அல்ல, சின்னக் கொப்போடு சேர்ந்தே உதிரும். ஊசியிலை மரமென்றால் எப்போதும் பச்சையாக நிற்கும் என்று நினைப்பவர்கள் பட்டுப்போய்விட்டது என்று முடிவு செய்து வெட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து சித்திரை வரை பொறுத்திருங்கள். சந்தேகமிருந்தால் நகத்தால் ஒரு கொப்பின் தோலைச் சற்றுக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரியும். முதிர்ந்த மரம் −30 பாகை வரையும் தாங்கும். ஆபத்து நடுக்குளிரில் அல்ல, பிந்தி வரும் வசந்த உறைபனியில்தான். துளிர் கருகினாலும் பெரும்பாலும் மறுபடி துளிர்க்கும். குளிர்காலத்தில் முயல் தோலைக் கடிக்காமல் இருக்க இளந்தண்டைச் சுற்றிக் கம்பிவலை கட்டுங்கள். வீதியில் உப்புப் போடுகிற பக்கத்தில் நடாதீர்கள்.

வெட்டிச் சீராக்க வேண்டிய தேவை மிகக் குறைவு. தானே கூர்ங்கோபுரமாக வளரும். இரண்டு நுனி போட்டியிட்டால் ஒன்றை எடுத்துவிடுங்கள். கீழ்க்கொப்புகளைச் சுத்தம் என்ற பெயரில் வெட்டித் தள்ளுவது எனக்குப் பிடிக்காது. வயதாக ஆக அடித்தண்டு அகன்று, பள்ளமும் மேடுமாக மடிந்து, கொப்பு தொடங்கும் இடத்துக்குக் கீழே அக்குள் போலக் குழிவிழும். செம்மண் நிறப் பட்டை நாராக உரியும். இந்த மரத்தின் அழகில் பாதி அந்த அடித்தண்டில் இருக்கிறது.

நோயும் பூச்சியும் குறைவு. வறட்சியில் சிலந்திப்பேன் வரலாம், சில இடங்களில் ஜப்பானிய வண்டு இலையைத் தின்னும். தண்ணீர் சரியாக இருந்தால் மரம் தாங்கிக்கொள்ளும்.

இப்போது இனப்பெருக்கம். தண்டுத்துண்டம் மூலம் எளிது. ஆனி, ஆடியில் அந்த ஆண்டு வளர்ந்த கொப்பில் ஒரு சாண் நீளம் வெட்டி, கீழ் இலைகளை எடுத்து, வேர்த்தூண்டிப் பொடியில் தோய்த்து, மணலும் கரிமக்கும் கலந்த கலவையில் ஊன்றி, பிளாஸ்ரிக் உறையால் மூடி நிழலில் வையுங்கள். இரண்டு மாதத்துக்குள் வேர் பிடிக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை. இலையோடு சேர்ந்து உதிர்கிற சின்னக் கொப்பை எடுக்காதீர்கள். அதில் மொட்டு இல்லை, எதிர்காலமும் இல்லை. மொட்டுத் தெரிகிற, மரமாக முற்றப் போகிற கொப்பையே எடுங்கள்.

விதை வேறு கதை. விதை மிகச் சிறியது, சிறகு உள்ளது. மண்ணுக்குள் புதைக்காமல் மேலே தூவி, வெளிச்சம் படவிட்டு, ஒருபோதும் காயவிடாமல் வைத்தால் இரண்டு வாரத்துக்குள் முளைக்கத் தொடங்கும். அந்தப் பருவத்தில் நாற்றழுகல் நோய் வரும். காற்றோட்டம்தான் மருந்து. ஆனால் உங்கள் வளவு மரத்தில் கூம்பு காய்த்திருக்கிறதே என்று அதைத் தூவினால் பெரும்பாலும் ஒன்றும் முளைக்காது. பெண் கூம்பு இளவயதிலேயே வரும். மகரந்தம் தரும் ஆண் கூம்பு வரப் பல பத்தாண்டு ஆகலாம், சூடான கோடையும் வேண்டும். மகரந்தம் இல்லாத கூம்பில் விதை வெறும் பதர். தனிமரமொன்று தன் மகரந்தத்தாலேயே கருவுற்றால் வரும் கன்றுகள் நலிந்தவை. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் கூசர் இதைப் பல ஆண்டு ஆராய்ந்தார். பூங்காக்களில் இருந்த மரங்களின் மரபு வளம் குறுகியது என்று கண்டு, சீனாவிலிருந்து பல தாய்மரங்களின் விதையைப் புதிதாகத் தருவிக்க உழைத்தவர்களில் அவரும் ஒருவர். ஒஹையோவின் டோஸ் மரத்தோட்டத்தில் அப்படி வந்த கன்றுகள் தோப்பாக நிற்கின்றன.

இந்த இடத்தில் சொந்தப் பள்ளத்தாக்குக்குத் திரும்புகிறேன்.

எண்ணிக்கையைப் பார்த்தால் மெற்றாசெக்கோயாவுக்கு ஆபத்தே இல்லை என்று தோன்றும். சீனாவின் பிசோ நகரத்து வீதிகளில் கிலோமீற்றர் கணக்கில் வரிசை வரிசையாக நிற்கிறது. ஜப்பானில் தகாஷிமாவின் மக்கினோ பகுதியில் 2.4 கிலோமீற்றர் நீளத்துக்கு ஏறத்தாழ 500 மரங்கள். கொரியத் தொடர்கள் பார்க்கிறவர்கள் நாமி தீவின் மரச்சாலையை அறிவீர்கள், வின்ரர் சொனாட்டா தொடரில் வருவது இந்த மரம்தான். அப்படியிருந்தும் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் இது அழியும் ஆபத்தில் உள்ள இனம். ஏனென்றால் சொந்த இடத்தில் மிஞ்சிய பழைய மரங்கள் ஐயாயிரத்துச் சொச்சம்தான். அவற்றின் அடியில் கன்றுகள் இல்லை.

ஏன் இல்லை? கன்றுக்கு என்ன வேண்டும் என்று சற்று முன் சொன்னேன். வெறுமையான ஈர மண், முழு வெளிச்சம், புல்லின் போட்டி இல்லாமை. ஆற்றுப்பெருக்கு கரையை அரித்துப் புது வண்டலை விட்டுப் போகிற இடத்தில் இவை மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும். மெற்றாசெக்கோயா அந்த மாதிரிப் பள்ளத்தாக்குத் தரைக்குப் பிறந்த மரம். பள்ளத்தாக்குத் தரையில் இன்று நெல்வயல். நீரும் வெளிச்சமும் உள்ள சமதரையைத்தான் நெல்லும் கேட்கும், மெற்றாசெக்கோயாவும் கேட்கும். வயிற்றுக்காக விதைத்த உழவரை நான் குறை சொல்ல மாட்டேன். 1948இலேயே அங்கு போன ஆய்வாளர்கள் இதைக் கண்டார்கள். உழவர்கள் ஓடையோரத்தில் முளைத்த கன்றுகளைப் பிடுங்கிவந்து வயல் வரப்பிலும் வீட்டோரத்திலும் நட்டுப் பேணியிருந்தார்கள். பழைய மரங்கள் பலவும் இன்று நிற்பது அந்தக் கைகளால்தான். பின்னர் மரத்தின் பெயர் பரவியபோது விதைக்குக் கேட்பு கூடியது. மரத்தடிப் புதர்கள் சுத்தம் செய்யப்பட்டன, விதை மண்ணில் விழுமுன்னரே சேகரிக்கப்பட்டது. 1980இல் அங்கு போன சீன-அமெரிக்கத் தாவரவியல் குழுவும் பெரிய மரங்களைக் கண்டது. அடியில் இளங்கன்றுகளின் காட்டைக் காணவில்லை.

ஆகவே நம் வளவில் ஒன்று நட்டுவிட்டால் இனத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று யாரும் எண்ண வேண்டாம். நாம் காப்பது மரத்தை. அந்தப் பள்ளத்தாக்கில் தேவைப்படுவது, ஓடைக்கரை ஓரத்தில் உழாமல், வெட்டாமல், வெள்ளம் தன் வேலையைச் செய்ய விட்டுவைத்த ஒரு கீற்று நிலம். அங்கே புல்லை நீக்கிக் கொடுக்கச் சில கைகள். அதை அங்குள்ள மக்களும் அரசும்தான் செய்ய முடியும். செய்வதற்கு உழவருக்கு ஈடு கொடுக்க வேண்டும். அதற்குப் பணம் திரட்டும் தாவரவியல் பூங்காக்கள், கன்று விற்ற வருமானத்தில் ஒரு பகுதியை அந்தப் பள்ளத்தாக்குக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று நான் எங்கு பேசினாலும் கேட்கிறேன். இங்கும் கேட்கிறேன். விதை அங்கிருந்துதான் வந்தது.

நாம் செய்யக்கூடிய ஒரு வேலையும் உண்டு. நேர்சரியில் வாங்கும்போது இது தண்டுத்துண்டத்தில் வந்ததா, விதையில் வந்ததா, எந்தத் தாய்மரம் என்று கேளுங்கள். விடை தெரிந்தவர்கள் அரிது, ஆனாலும் கேட்கக் கேட்கத்தான் அவர்கள் குறித்து வைக்கத் தொடங்குவார்கள். இடம் இருந்தால் வெவ்வேறு இடத்து இரண்டு கன்றுகளை அருகருகே நடுங்கள். அயலவரும் நட்டால் இன்னும் நல்லது. நம் பேரப்பிள்ளைகள் காலத்தில் அவை ஒன்றையொன்று கருவுறச் செய்து நிறைந்த விதை தரும்.

அந்த மேசையில் கன்றுகள் சில இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் எந்த மரத்திலிருந்து வந்தது என்று அட்டை கட்டியிருக்கிறேன், அந்த அட்டையைக் கழற்றாதீர்கள். முழு வெயிலும் ஏழெட்டு மீற்றர் இடமும் உள்ளவர்கள் மட்டும் எடுத்துச் செல்லுங்கள். தொடர்மாடியில் இருப்பவர்களுக்குச் சட்டிக்கு ஏற்ற சிறு கன்றுகள் வலப்பக்கம் தனியாக இருக்கின்றன. கொண்டுபோன அன்றே தண்ணீர் விடுங்கள். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.